பழசு இருக்காம்மா?

"எனக்கு எப்போ பேர் வைப்பீங்க, சின்னம்மை?"

சின்னம்மை நிமிரவில்லை. ஒரு பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார். செருப்புக்கு வார் ஆகப்போகிறது.

"உங்களுக்குத்தான் பேர் இருக்கேக்கா."

"அது ஒரு பேரா?"

"கூப்பிட்டா திரும்பிப் பாக்கறீங்களே."

குப்பம்மா நாடா ஒன்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

*

குன்றின் மேல் இருந்த அந்தச் சின்ன மடத்தில் எல்லோரையும்விட வயதில் இளையவர் சின்னம்மைதான். அதனால்தான் அந்தப் பெயர். குப்பம்மாவுக்கு நாற்பத்தைந்து. தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவளுக்கு வெட்கம் இல்லை.

அவர் 'குப்பம்மாக்கா!' என்று மரத்தடியிலிருந்து குரல் கொடுப்பதில்தான் வெட்கம்.

மடத்தில் எதுவும் குப்பைக்குப் போகாது. உடைந்தது, கிழிந்தது, தேய்ந்தது எல்லாம் வேறு வேலைக்குப் போகும். பழைய பெயரோடு போகும். அது சின்னம்மையின் வழக்கம். ஏன் என்று அவர் சொன்னதில்லை.

இரண்டாகப் பிளந்த அம்மி கிணற்றடியில் கால் கழுவும் கல்லாகக் கிடந்தது. "அம்மியில காலைக் கழுவிட்டு வாங்க" என்றால் புதிதாக வருபவர்கள் பதறுவார்கள்.

ஒரு முறை ஒரு அம்மாள், "கல்யாணத்தன்னிக்கு மிதிச்சது. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள்.

புங்கமரத்தில் ஒரு பழைய ஏரின் இரும்புக் கொழு மணியாகத் தொங்கியது. அதை அடித்தால் சாப்பாடு தயார். குடைத்துணியில் தைத்த பை இன்னமும் குடைதான். "குடையில வெண்டைக்காய் இருக்கு, எடுத்து நறுக்குங்க" என்பார் சின்னம்மை. புத்தகங்கள் ஒரு பழைய கதவுப் பலகையின் மேல் அடுக்கப்பட்டிருந்தன. மைக்கூட்டில் விளக்கு எரிந்தது.

குப்பம்மா இவை எல்லாவற்றையும் ரசித்தாள். தன்னைத் தவிர.

*

அக்காவுக்கு அப்புறம், அவளுக்கு முன் பிறந்த இரண்டு தங்கவில்லை. இதாவது தங்கட்டும் என்று பிறந்த கையோடு முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டார்கள். குப்பை என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவானாம். பக்கத்து வீட்டுக்காரி போய் எடுத்து வந்தாள். அவளிடமிருந்து ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்கியவள் அக்கா அஞ்சலை. அப்போது அக்காவே சிறுமி.

அதனால் குப்பம்மா.

எல்லா வீடுகளிலும் அக்கா தங்கைகள் சண்டையில் சொல்வதுதான்: 'உன்னைத் தவிட்டுக்குத்தான்டி வாங்கினோம்.' மற்ற வீடுகளில் அது கேலி. அவர்கள் வீட்டில் அது உண்மை.

அப்பா இறந்தபின் அஞ்சலை எவர்சில்வர் கூடையைத் தலையில் ஏற்றினாள். தெருத்தெருவாக நடந்து, பழைய துணிகளை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுத்தாள். அந்த நடையில்தான் தங்கை பி.ஏ. படித்தாள். கல்லூரி வாசலில் ஒருநாள் அக்காவின் குரல் கேட்டபோது, தங்கை நூலகத்துக்குள் போய்ப் புத்தகம் தேடுவதுபோல் நின்றாள்.

எந்தப் புத்தகம் என்று இன்றும் நினைவிருக்கிறது. இலக்கணம்.

*

"இன்னிக்கு மாதர் சங்கத்திலிருந்து வர்றாங்க," என்றாள் குப்பம்மா.

"தெரியும்."

"அவங்க முன்னாடியாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க."

சின்னம்மை இப்போதுதான் நிமிர்ந்தார்.

"அவங்ககிட்ட என்ன பேர் சொல்லியிருக்கீங்க?"

குப்பம்மா தரையைப் பார்த்தாள். கத்தரித்துப் போட்ட ரப்பர் துணுக்குகள் கிடந்தன. அவைகூட ஒரு டப்பாவுக்குப் போகும்.

"கோமதி."

"நல்ல பேருதான்."

"போன தடவை கேட்டாங்க. வாயில வந்துடுச்சு."

"சரிக்கா. இன்னிக்கு உங்களை நான் கூப்பிடவே மாட்டேன்."

*

வேனில் பதினைந்து பேர்போல வந்தார்கள். தலைவி சுபத்ரா மேடம் நல்ல மனுஷி. எதைப் பார்த்தாலும் வியந்தார். அம்மியை வியந்தார். கொழுவை வியந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து இரண்டு பேர் சாப்பாடு என்று நினைத்துத் தட்டோடு வந்துவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கோமதிம்மா சொல்றதைக் கேட்டா இன்னும் கேக்கணும்போல இருக்கு," என்றார் மேடம். "அடுத்த மாசம் எங்க சங்கத்துக்கு வந்து பேசணும் நீங்க. பழசைத் தூக்கிப் போடாதீங்கன்னு. நீங்க சொன்னா எடுபடும்."

குப்பம்மாவுக்குக் காது மடல் சூடானது. நெடுநாள் கழித்து யாரோ அவளைப் பேசச் சொல்லிக் கேட்கிறார்கள்.

"பழசுன்னு ஒண்ணு கிடையாது மேடம்," என்றாள். "நாம பாக்கற பார்வைதான் பழசு."

அந்த வாக்கியம் அவளுக்கே பிடித்திருந்தது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"பழைய துணிக்குப் பாத்திரேம்ம்..."

இழுத்து, கடைசியில் சற்றுக் கமறி முடியும் குரல். உலகத்தில் ஒரே ஒருத்திதான் அதை அப்படி முடிப்பாள்.

"குப்பு இருக்காளா?"

படலைத் தள்ளிக்கொண்டு அஞ்சலை உள்ளே வந்தாள். தலையில் கூடை, இடுப்பில் ஒரு துணி மூட்டை. குன்று ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ரவிக்கையின் தோள்பட்டையில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. மலர்ந்த முகத்தோடு தங்கையைப் பார்த்தாள்.

"யாரு குப்பு?" என்று மேடம் கேட்டார்.

"அப்படி யாரும் இல்லை இங்கே," என்றாள் குப்பம்மா.

"உங்களைப் பாத்துத்தானே சிரிக்குது அந்தம்மா? தெரிஞ்சவங்களா?"

அங்கே ஒரு இடைவெளி இருந்தது. வேறு ஒன்றைச் சொல்லப் போதுமான இடைவெளி. குப்பம்மா பிறகு அதை எத்தனையோ முறை திரும்பப் போய்ப் பார்த்தாள்.

"பழந்துணிக்காரி மேடம். எனக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

'அவள்' என்றுகூடச் சொல்லவில்லை. 'அது' என்று சொன்னாள்.

அஞ்சலையின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. போக இடம் தெரியாததுபோல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஆமாங்கம்மா," என்றாள் மேடத்திடம். "ஒரு ஒட்டும் இல்லீங்க. குப்புன்னு ஒருத்தங்க பழந்துணி தரேன்னு சொல்லியிருந்தாங்க. வீடு மாறி ஏறிட்டேன்போல."

"இவ்வளவு ஏறியா வந்தே?"

"நமக்கு ஏறி இறங்கறதுதானேம்மா பொழப்பு."

மேடத்துக்கு ஆர்வம் வந்துவிட்டது. "பட்டுப்புடவை எடுப்பியா? ஜரிகை போனது?"

"ஜரிகை போனா என்னம்மா, புடவை போகலையே."

எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தீங்களா கோமதிம்மா, உங்க கொள்கையேதான்," என்றார் மேடம்.

கோமதி என்ற பெயரை அஞ்சலை கேட்டுக்கொண்டாள். தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட பழசு எதுவும் இருக்காம்மா?"

அம்மா என்கிறாள். உங்ககிட்ட என்கிறாள்.

"இல்லை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

"பழசு எதுவும் இல்லை."

"சரிங்கம்மா."

அஞ்சலை கூடையைத் தலைக்கு ஏற்றினாள். இடுப்பு மூட்டையை அம்மியின் மேல் வைத்தாள். மறந்து வைத்ததுபோல் வைத்தாள். படலைச் சாத்திவிட்டு இறங்கிப் போனாள்.

அதே நேரம் யாரோ கொழுவை அடித்தார்கள். இந்த முறை நிஜமாகவே சாப்பாடு.

மடத்துக்கு வந்தவர் யாரும் அதுவரை சாப்பிடாமல் இறங்கியதில்லை.

குப்பம்மா புங்கமரத்தடியைப் பார்த்தாள். சின்னம்மை அங்கேதான் இருந்தார். செருப்புக்கு வார் கோத்துக்கொண்டிருந்தார். கூப்பிடவே மாட்டேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா? கூப்பிடவில்லை.

*

குப்பம்மா பந்தியில் பாயசம் ஊற்றினாள். "நீங்களும் உக்காருங்க கோமதிம்மா" என்றார்கள். உட்காரவில்லை.

வேன் போனபின் அவள் போய்ச் சின்னம்மை முன் நின்றாள். திட்டட்டும் என்று நின்றாள். திட்டிவிட்டால் அழலாம். அழுதுவிட்டால் முடிந்துபோகும்.

சின்னம்மை திட்டவில்லை.

"பேர் கேட்டீங்களேக்கா. இன்னிக்கு வச்சிடலாம்."

"சின்னம்மை..."

"கோமதி. நீங்களே தேடிக்கிட்டது. நல்லாப் பொருந்துது. ஆனா புதுப் பேருக்குப் புதுப் போர்வை குடுக்கணும். நம்மகிட்ட புதுசு எது? அந்த மூட்டையைக் கொண்டாங்க."

அம்மி மேல் இருந்த மூட்டையை எடுத்து வந்தாள். அவிழ்த்தாள்.

ஒரு போர்வை. பழம்புடவைகளை அடுக்கி, மேலே துண்டு துண்டாக ஒட்டுப் போட்டு, நெருக்கமாகத் தையல் ஓட்டியிருந்தது. குன்றின் மேல் குளிருமே என்று யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள்.

சின்னம்மை தன் கையிலிருந்த கத்தரிக்கோலை நீட்டினார்.

"ஒட்டும் இல்லை உறவும் இல்லைன்னீங்க. அதுல இருக்கற ஒட்டை எல்லாம் பிரிங்க. உறவில்லாததைத் தள்ளுங்க. மிச்சத்தை வச்சுக் கோமதிக்கு ஒரு போர்வை தைச்சிடலாம்."

"வேண்டாம் சின்னம்மை."

"பிரிங்க."

அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

*

முதல் துண்டு ஓரத்தில் இருந்தது. பச்சைக் கட்டம். தையலைக் கத்தரித்ததும் கையோடு வந்துவிட்டது. அப்பாவின் லுங்கி. அவர் சுருட்டுப் பொறி பட்டுப் போன ஓட்டையைச் சுற்றி நேர்த்தியாக மடித்திருந்தது.

"உறவா?" என்றார் சின்னம்மை.

அவள் அதைத் தள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது அம்மாவின் சுங்குடிப் புடவை. புள்ளிகள் வெளுத்துப் போயிருந்தன. அதையும் மடியில் வைத்தாள்.

அடுத்தது நீலம். அவள் கல்லூரி முதல் வருடம் கட்டிய தாவணி. கிழிந்துவிட்டது, தூக்கிப் போடு என்று அவளே எறிந்தது.

ஊர்ப் பழசையெல்லாம் சந்தைக்குக் கொண்டுபோனவள் வீட்டுப் பழசை ஒரு தம்ளருக்குக்கூட மாற்றவில்லை.

கத்தரிக்கோல் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? கோமதியோடது எங்கேயாவது இருக்கும். தேடுங்க."

தேடினாள். போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோமதியுடையது என்று ஒரு துண்டும் இல்லை.

நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணி. சின்னப் பெண்களின் பாவாடைத் துணி. அதை அவள் அறிவாள். பார்த்ததாலல்ல, கேட்டுக் கேட்டு. முறத்தில் வெறும் உடம்பாகக் கிடந்த பிள்ளையை வாங்கியதும், போர்த்த வேறு துணி இல்லாமல், அக்கா தன் பாவாடையின் ஓரத்தை டர்ரென்று கிழித்தாளாம். 'புதுப் பாவாடைடி. உன்னாலதான் அன்னிக்கு அடி வாங்கினேன்' என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்தத் துண்டைச் சுற்றித்தான் மற்ற எல்லாத் துண்டுகளும் தைக்கப்பட்டிருந்தன.

குப்பம்மா அதில் முகத்தைப் புதைக்கவில்லை. அதற்குத் தனக்கு முகம் இல்லை என்று பட்டது. கைகளை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள், தொடக்கூடாததைத் தொட்டவள்போல.

"சின்னம்மை, நான் என்ன செய்யட்டும்?"

சின்னம்மை தைத்து முடித்த செருப்புகளை அவள் காலடியில் வைத்தார்.

"டியூப் பரவாயில்லையா பாருங்க. இறங்கறப்போ வழுக்கக்கூடாது."

*

அடிவாரக் கடைத்தெருவில் வேன் நின்றிருந்தது. சங்கத்துப் பெண்கள் பூவுக்கும் கொய்யாவுக்கும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குப்பம்மா வந்த கோலத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் பாதி பிரிந்த போர்வை. நூல் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது. மடியில் செருகிய துண்டுகளில் ஒன்று சுங்குடி வாலாக வெளியே தொங்கியது.

"என்ன கோமதிம்மா!" என்றார் சுபத்ரா மேடம். "நாங்க எதையாவது விட்டுட்டு வந்துட்டோமா?"

"இல்லை மேடம். நான்தான்."

மேடத்துக்குப் புரியவில்லை.

கொய்யாக் கடைக்கு அடுத்த வீட்டு வாசலில் கூடை இருந்தது. அதன் பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்து, காகிதத்தில் வைத்து ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்தாள். அப்புறம் பின்னால் நின்ற வேனைப் பார்த்தாள். பன்னை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அந்நியர் வந்தால் எழுந்து நிற்பது அவள் தொழில் வழக்கம்.

"என்னம்மா வேணும்?"

அந்த 'அம்மா'வைச் சொல்லி அக்கா இப்போதும் தங்கையின் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று குப்பம்மாவுக்குப் புரிந்தது. இங்கே நின்று ஒரு தம்ளர் விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. அக்கா கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள்.

"பழசு..." என்றாள். மறுபடி சொன்னாள். "காலையில கேட்டீங்களே. பழசு இருக்கு."

நீங்க என்று வந்துவிட்டது. நீ என்று சொல்லும் உரிமை எங்கே போனது என்று தெரியவில்லை.

"இல்லைன்னு சொன்னீங்களே."

"பொய்."

"என்ன பழசும்மா?"

கொய்யாக் கடையில் பேரம் நின்றுவிட்டது. அவள் முதுகில் பதினைந்து பேரின் பார்வை. ஒவ்வொன்றும் தனித்தனியாக உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. அவள் குனியவில்லை.

"குப்பம்மா," என்றாள்.

தெருவுக்கே கேட்டது.

அஞ்சலை அவளையே பார்த்தாள். தோளிலிருந்த போர்வையைப் பார்த்தாள். பிரிந்த இடத்தைக் கையில் எடுத்து, வியாபாரத்தில் பழைய புடவையைப் பார்ப்பாளே, அதுபோல வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். தொங்கிய நூலைப் பிடித்து இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"ரொம்ப அடிபட்டிருக்கு," என்றாள்.

குப்பம்மா தலையாட்டினாள்.

"இதுக்குப் பாத்திரமெல்லாம் கட்டாதுடி. தவிடுதான் தருவேன்."